போக முடியவில்லையா, போகவில்லையா

அமலோற்பவம் அந்த மடத்துக்குப் பாடம் படிக்க வந்தவள் அல்ல. தம்பியைத் தேடி வந்தவள்.

அவள் தம்பி கஸ்பார் தூத்துக்குடியிலிருந்து போய், தாய்லாந்தின் தென்கரையில் ஓர் இழுவைப் படகில் என்ஜின் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். கார்த்திகை மாதத்துக் காற்றில் அந்தப் படகு கவிழ்ந்தது. படகில் நான்கு பேர். இரண்டு பேரை அன்றைக்கு மாலையே ஒரு மீன்பிடிப் படகு தூக்கிவிட்டது. கஸ்பாரும் சமையல்காரன் உடோமும் கிடைக்கவில்லை.

கஸ்பாரின் மனைவி பிளோமினாவுக்குக் கைக்குழந்தை. வீட்டில் பாஸ்போர்ட் வைத்திருந்தது அமலோற்பவம் மட்டும்தான். முன்பு குவைத்தில் வீட்டு வேலைக்குப் போய் வந்தவள். தாயில்லாத அந்த வீட்டில் கஸ்பாரை இடுப்பில் சுமந்து வளர்த்தவளும் அவள்தான். அதனால் தையல் கடையைப் பூட்டிவிட்டு அவள் கிளம்பினாள்.

படகுக் கம்பெனியின் ஏஜென்ட் முகுந்தன் விமான நிலையத்துக்கு வந்திருந்தான். பினாங்குத் தமிழன். ஊருக்கு வெளியே மேட்டில் இருந்த ஒரு பெண் துறவிகள் மடத்தில் அவளைக் கொண்டுவந்து விட்டான்.

"ஓட்டல்ல தனியா இருந்தா மனசு கெட்டுப் போயிடும்மா. இங்க ஒரு மே சீ இருக்காங்க. தமிழ் பேசுவாங்க" என்றான்.

மே சீ என்றால் வெள்ளை உடுத்தித் தலை மழித்த பெண் துறவி. அவர் பெயர் நுவன். இளம் வயதில் சிதம்பரத்தில் தங்கி மொழியியல் படித்தவர். இப்போதும் அமலோற்பவத்தைவிடப் பல வயது சின்னவர்தான். மழையில் படி வழுக்கி விழுந்து, வலது காலில் மாவுக்கட்டோடு ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

அமலோற்பவம் அவரை 'சிஸ்டர்' என்று கூப்பிட்டாள். துறவிப் பெண்களைக் கூப்பிட அவளுக்குத் தெரிந்த ஒரே சொல் அதுதான். மே சீ அதைத் திருத்தவில்லை. அவர் இவளை 'அக்கா' என்றார்.

"சிஸ்டர், ஒண்ணே ஒண்ணு சொல்லிக் குடுங்க. என் தம்பி உயிரோட இருக்கானான்னு இவிய பாஷையில எப்படிக் கேக்கணும்?"

"கேள்வி சுலபம் அக்கா. பதில் வந்தால் புரிய வேண்டாமா?"

"அதுக்குத்தான் முகுந்தன் தம்பி இருக்காரே."

மே சீ பக்கத்தில் மூடிவைத்திருந்த தட்டைத் திறந்து, அவள் பக்கம் நகர்த்தினார். சோறும் கீரையும் இருந்தன.

"கின் காவ் ரூ யங்?"

அமலோற்பவம் விழித்தாள்.

"சோறு சாப்பிட்டாச்சா, இன்னும் இல்லையா என்று கேட்கிறேன்."

"இல்லை."

"இந்தக் கேள்விக்கு 'இல்லை' என்று பதில் கிடையாது. 'லேவ்' என்றால் ஆச்சு. 'யங்' என்றால் இன்னும் ஆகவில்லை. இரண்டில் ஒன்றுதான் சொல்லலாம்."

"சாப்பிடவே போறதில்லைன்னா?"

"அப்போதும் யங்தான்."

அமலோற்பவம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, "யங்" என்றாள். அந்தச் சொல் நாக்கில் நின்றது. அவள் உட்காராமலேயே இரண்டு வாய் சாப்பிட்டாள்.

மறுநாள் காலை, வாடகை மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து துறைமுக அலுவலகத்துக்குப் போனாள். முகுந்தன் வாசலில் காத்திருந்தான். உள்ளே நரைத்த தலையுடைய ஓர் அதிகாரி எழுந்து நின்று கை குவித்தார். தணிந்த குரலில் ஏதோ சொன்னார்.

அத்தனை சொற்களுக்கு நடுவே ஒரு சொல் அவள் காதில் விழுந்தது. யங்.

"இன்னும் கிடைக்கலையாம்மா" என்றான் முகுந்தன்.

அவன் சொல்லும் முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கிடைக்கவில்லை என்று மட்டும் அவர் சொல்லவில்லை. இன்னும் கிடைக்கவில்லை என்று சொன்னார். கடலில் விழுந்தவன் பலகையைப் பிடிப்பதுபோல அந்தச் சொல்லை அவள் பிடித்துக்கொண்டாள்.

அன்று மாலை பிளோமினாவிடம் போனில் சொன்னாள். "இன்னும் இல்லை, பிளோமி. இன்னும் இல்லைன்னுதான் சொல்லுதாவ. கேட்டியா? இன்னும்."

"ஆமா மதினி" என்றாள் பிளோமினா. பின்னால் குழந்தை அழுதது.

அதன் பிறகு தினமும் அதே பாடு. அதிகாரி வாயைத் திறந்ததும் அவள் அந்தச் சொல்லுக்காகக் காதை நீட்டுவாள். அது வந்து விழும்வரை மூச்சு விடமாட்டாள். விழுந்ததும் நாற்காலியில் சாய்வாள். மடத்துக்குத் திரும்பியதும், நாளைக்கு அந்தச் சொல் இல்லாமல் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம் வந்துவிடும். துணியை மடித்து வைப்பாள். பிரித்து மறுபடி மடிப்பாள். போனை எடுத்துப் பார்ப்பாள். மேட்டின் விளிம்புக்குப் போய் நிற்பாள். அங்கிருந்து கடல் தெரியும்.

"உட்காருங்கள் அக்கா" என்பார் மே சீ.

"முடியல சிஸ்டர்."

"எந்த முடியல?"

"இதுல எத்தனை இருக்கு?"

"சைக்கிள் ஓட்டுவீர்களா?"

"தெரியாது."

"அப்படியென்றால் 'பென்' என்ற சொல். கற்றுக்கொண்டால் வருவது. அந்த அண்டாவைத் தூக்குவீர்களா?"

அடுக்களையில் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓர் அண்டா, தண்ணீரோடு இருந்தது.

"யாரால ஆகும்!"

"அது 'வை'. உடம்பு தாங்குமா, தாங்காதா என்பது. மழை விடாமல் பெய்து, கீழே பாலத்துக்கு மேல் வெள்ளம் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குள் போவீர்களா?"

"எப்படிப் போக?"

"அது 'டாய்'. உங்களுக்குத் தெரியும், தெம்பும் இருக்கிறது. ஆனால் வழி இல்லை."

அமலோற்பவத்துக்கு எரிச்சல் வந்தது. "சிஸ்டர், எனக்கு என் தம்பி வேணும். சைக்கிளும் அண்டாவும் எனக்கு எதுக்கு?"

மே சீ தலையை ஆட்டினார். "உட்கார முடியல என்றீர்களே, அது எது?" என்று கேட்டார்.

அமலோற்பவம் யோசித்தாள். "வை" என்றாள். அப்புறம்தான் அழுகை வந்தது. அழுது முடித்து உட்கார்ந்தாள்.

அதன் பிறகு அவளே கேட்கத் தொடங்கினாள். காத்திருக்கிற நேரத்தை எதிலாவது போட்டு அடைக்க வேண்டியிருந்தது. போவதற்கு என்ன, தேடுவதற்கு என்ன, படகுக்கு என்ன, தீவுக்கு என்ன என்று கேட்டுக் கேட்டு, வாய்க்குள் உருட்டிக்கொண்டே அரிசி களைந்தாள். மே சீ சொல்லிக்கொடுத்தார். போவதற்கு 'பை'. தேடுவதற்கு 'ஹா'. முன்னால் 'மை' சேர்ந்தால் இல்லை.

"இந்த டாய் மட்டும் பிடிபட மாட்டேங்குது சிஸ்டர். சில நேரம் முன்னால வருது, சில நேரம் பின்னால வருது."

"வினைக்குப் பின்னால் வந்தால் இயலுவது. பை மை டாய் என்றால், போக முடியவில்லை. வினைக்கு முன்னால் வந்தால் நடப்பது. மை டாய் பை என்றால், போகவில்லை."

"சொல்லு ஒண்ணுதானா?"

"ஒன்றேதான். நிற்கிற இடம்தான் வேறு."

"இடம் மாத்திச் சொல்லிட்டா?"

"முடியாதவர் செய்யாதவர் ஆகிவிடுவார்."

அமலோற்பவம் உதட்டைப் பிதுக்கினாள். "நல்ல பாஷை."

மே சீ சிரித்தார். "உங்கள் தமிழ் என்னைச் சிதம்பரத்தில் படுத்திய பாடு உங்களுக்குத் தெரியாது அக்கா. 'முடிந்தது' என்பார்கள். செய்ய இயன்றதா, வேலை தீர்ந்ததா என்று தெரியாமல் நான் நின்றுகொண்டே இருப்பேன்."

அமலோற்பவம் பிறந்ததிலிருந்து சொல்லிவரும் சொல். அதில் இப்படி ஒன்று இருப்பது அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது.

மழை ஒரு நாள் விட்டது. காலையில் மேட்டிலிருந்து பார்த்தபோது கடல் தகடுபோலக் கிடந்தது. மீன்பிடிப் படகுகள் வரிசையாக வெளியே போயின. அதைப் பார்த்ததும் அவளுக்கு ஒரு தெம்பு வந்தது. இன்றைக்குத் தெற்கே பாறைத் தீவுகள் பக்கம் தேடப் போவதாக முந்தின நாள்தான் முகுந்தன் சொல்லியிருந்தான்.

மதியத்துக்கு மேல் அலுவலகத்துக்குப் போனாள். அதிகாரி இந்த முறை அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மேஜையைப் பார்த்துக்கொண்டே பேசினார். அவள் காது அந்தச் சொல்லுக்காக நின்றது. அவர் பேசி முடித்துவிட்டார். யங் வரவில்லை.

"என்ன சொன்னாரு?"

"தீவுப் பக்கம் போக முடியலையாம்மா" என்றான் முகுந்தன். "அங்க அலை ஜாஸ்தி."

தீவு என்ற சொல் அதிகாரி வாயிலிருந்து வந்ததை அவள் கேட்டிருந்தாள். பை வந்தது. மை டாய் வந்தது. ஆனால் எது முன்னால், எது பின்னால்?

மோட்டார் சைக்கிளில் திரும்புகிற வழியெல்லாம் அதையே முணுமுணுத்தாள். பை மை டாய். மை டாய் பை. சொல்லச் சொல்ல, உண்மையில் கேட்டது எது என்பது கலைந்துபோயிற்று. மடத்து வாசலில் இறங்கியபோது ஓட்டியவனுக்குக் காசு கொடுக்க மறந்து உள்ளே ஓடினாள். அவன் பொறுமையாக நின்றுகொண்டிருந்தான்.

"சிஸ்டர், மை டாய் முன்னால வந்தது மாதிரி இருந்துது."

"மாதிரியா?"

"தெரியல. கடலு தகடு மாதிரி கெடக்கு, சிஸ்டர். எல்லாப் படகும் போச்சு. அலைன்னு சொல்லுதாரு. நீங்க போன் போட்டுக் கேளுங்களேன்."

"நீங்கள் வந்த அன்றைக்கே கேட்டுவிட்டேன் அக்கா. உறவுக்காரர் நேரில் வந்தால்தான் பேசுவோம் என்றார்கள். இந்தக் காலோடு என்னால் மோட்டார் சைக்கிளில் ஏற முடியாது."

"அப்ப நான் என்ன செய்ய?"

"கேளுங்கள்."

"நானா? எனக்குச் சொல்லு பிசகிடும். இடம் மாறிடும். அந்த மனுசனைப் போய் நீ செய்யலைன்னு சொல்லிட்டேன்னா? கோவிச்சுக்கிட்டுத் தேடுறதையே விட்டுட்டாருன்னா?"

மே சீ மாவுக்கட்டுக் காலைக் கையால் தூக்கி நகர்த்தி வைத்துக்கொண்டார்.

"இரண்டையும் சொல்லிவிடுங்கள். பை மை டாய், ரூ மை டாய் பை? ரூ என்றால் அல்லது. போக முடியவில்லையா, அல்லது போகவில்லையா. எதை முன்னால் சொன்னாலும் தவறில்லை. தேர்ந்தெடுக்க வேண்டியது அவர்."

அந்தச் சாயங்காலம் முழுக்க அமலோற்பவம் அதைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். பாத்திரம் துலக்கும்போது சொன்னாள். செபமாலை உருட்டும்போது நடுவில் அது வந்துவிட்டது. சிலுவை போட்டுக்கொண்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். மே சீ ஒரு தடவைகூட அவளைத் திருத்தவில்லை.

மறுநாள் அலுவலகம் திறக்கும்போதே போய் நின்றாள். முகுந்தன் இன்னும் வரவில்லை. வரட்டும் என்று காத்திருந்தாள். அவனுக்குத் தெரியாமல் கேட்க அவளுக்கு மனம் வரவில்லை. அவன் வந்ததும் இருவரும் உள்ளே போனார்கள். அதிகாரி எழுந்து கை குவித்தார்.

அவளும் கை குவித்தாள். தீவு என்பதற்கான சொல்லைச் சொல்லி, தெற்குப் பக்கம் கையைக் காட்டினாள். பிறகு கேட்டாள்.

"பை மை டாய், ரூ மை டாய் பை?"

முகுந்தன் திரும்பி அவளைப் பார்த்தான். பக்கத்து மேஜைக்காரர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினார்.

அதிகாரி மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி கேட்கலாமா, உச்சரிப்பு புரியவில்லையோ, கோபமோ என்று அவள் தவித்தாள். அவர் மேஜையிலிருந்து கண்ணை எடுத்து நேராக அவளைப் பார்த்தார்.

"மை டாய் பை" என்றார்.

போகவில்லை.

அவள் முகுந்தன் பக்கம் திரும்பவில்லை. அவனே பேசினான். குரல் உள்ளே போயிருந்தது.

"போகலைன்னு சொன்னா உங்களுக்கு ஆத்திரம் வரும்மா. முடியலன்னு சொன்னா அழுதாலும் அடங்கிடுவீங்க. அதான் அப்படிச் சொன்னேன். வேற கெட்ட எண்ணம் இல்லம்மா."

"ஏன் போகலைன்னு கேளுங்க."

முகுந்தன் கேட்டான். அதிகாரி மெல்லச் சொன்னார். அந்தப் பாறைகளில் ஒருவன் உயிரோடு ஒதுங்க வழியில்லை என்று எல்லோருமாகச் சேர்ந்து தீர்மானித்துவிட்டார்களாம். ஒவ்வொரு நாளும் நாளைக்குப் பார்ப்போம் என்று விட்டுவிட்டார்களாம். முகுந்தன் இந்த முறை ஒரு சொல்லைக்கூடக் குறைக்காமல் சொன்னான்.

அதிகாரி தொப்பியை எடுத்துக்கொண்டு அப்போதே படகுத்துறைக்குப் போனார்.

அமலோற்பவம் துறையிலேயே உட்கார்ந்துவிட்டாள். முகுந்தன் தேநீர் வாங்கிவந்து வைத்தான், அது ஆறிப்போனது. கடல் பளபளத்துக் கண்ணைக் கூசவைத்தது. ஒவ்வொரு படகு திரும்பும்போதும் எழுந்து நின்றாள். அது வேறு படகாக இருக்கும். உட்காருவாள்.

பொழுது சாயத் தொடங்கியபோது அந்தப் படகு வந்தது. தளத்தில் ஒருவனைப் போர்வை சுற்றிப் படுக்கவைத்திருந்தார்கள். கால் அசைந்தது. உயிர் இருந்தது.

அவள் ஓடினாள். போர்வைக்குள் இருந்த முகம் கஸ்பாருடையது அல்ல.

சமையல்காரன் உடோம். பறவைக் கூடு எடுக்க வருபவர்கள் எப்போதோ போட்டுவிட்டுப் போன குடிசையில், மழைத்தண்ணீரைக் குடித்துக்கொண்டு கிடந்தானாம். அவனுடைய அம்மாவோ யாரோ, ஒரு வயதான பெண் துறையில் விழுந்து கதறினாள். பிறகு யாரோ கைகாட்ட, அமலோற்பவத்திடம் வந்து அவள் காலைத் தொடக் குனிந்தாள். அமலோற்பவம் அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். பிடித்தவள் விடவில்லை. அந்தப் பெண்ணின் தோளுக்கு மேலாகப் படகையே பார்த்துக்கொண்டிருந்தாள். படகில் வேறு யாரும் இல்லை.

உடோம் தேறிய பிறகு அவனைப் பார்க்க மருத்துவமனைக்குத் தனியாகப் போனாள். முகுந்தன் வருகிறேன் என்றான். வேண்டாம் என்றுவிட்டாள்.

உடோமுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். இரண்டு கையிலும் கட்டு. அவள் யார் என்று தெரிந்ததும் எழுந்திருக்கப் பார்த்தான். கஸ்பார் என்றான். பிறகு வேகவேகமாகப் பேசினான். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அதைப் பார்த்து நிறுத்தினான். கட்டுப்போட்ட கைகளால் காட்டத் தொடங்கினான். ஒரு வட்டம்: டயர். இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் கஸ்பார். நடுவில் இருவர் கையும் கோத்திருந்தன. பிறகு பாறை. பிறகு ஓர் அலை. அவன் கைகள் பிரிந்தன.

"ஜப் மை வை" என்றான்.

அவன் கைகள் காட்டியதிலிருந்து 'ஜப்' என்றால் பிடிப்பது என்று தெரிந்தது. மற்றது அவளுக்குத் தெரியும்.

அவள் அவனையே பார்த்தாள். இத்தனை நாளும் மனத்துக்குள் ஒரு மூலையில் ஒரு கேள்வி இருந்தது. நீ விட்டாயா? அதை அவன் மொழியில் எப்படி அடுக்குவது என்றுகூட அவளால் இப்போது சொல்லிவிட முடியும். அவன் டாய் என்று சொல்லியிருக்கலாம். அதுவும் முடியவில்லை என்றுதான் ஆகும். அவன் வை என்றான்: உடம்பு தாங்கவில்லை.

"ஜப் மை வை" என்று அவன் மறுபடி சொன்னான். அழுதான்.

நர்ஸ் ஒரு கிண்ணத்தில் கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். கட்டுப்போட்ட கையால் அவனால் கரண்டியைப் பிடிக்க முடியாது. அமலோற்பவம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். கஞ்சியை ஊதி ஊதி ஊட்டினாள். கிண்ணம் காலியாகும்வரை எழுந்திருக்கவில்லை.

அதன் பிறகும் அதிகாரி பல நாள் படகு அனுப்பினார். பாறைகளைச் சுற்றித் தேடினார்கள். யங் என்ற சொல் திரும்ப வந்தது. தினமும் வந்தது. ஆனால் அதைச் சொல்லும்போது அவர் குரல் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் தாழ்ந்தது. அமலோற்பவம் அதையும் கேட்டாள்.

பிறகு ஒரு காலை அவர் அவளை உட்காரச் சொல்லவில்லை. தானும் உட்காரவில்லை. கை குவித்தபடி, அவளுக்குப் புரியட்டும் என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"யுட் ஹா லேவ்."

'யுட்' என்றால் நிறுத்துவது. மோட்டார் சைக்கிள்காரனிடம் தினமும் அவள் சொல்கிற சொல்.

முகுந்தன் அதை மொழிபெயர்க்கவில்லை. "நீங்களே கேட்டுட்டீங்கம்மா" என்று மட்டும் சொன்னான். ஊருக்குப் போக டிக்கெட் போட்டிருப்பதாகப் பிறகு சொன்னான்.

மடத்துக்கு வந்து சேர்வதற்குள் போன் அடித்தது. பிளோமினாவுக்குக் கம்பெனி மூலம் செய்தி போய்விட்டிருந்தது.

"மதினி, தேடுறதை நிறுத்திட்டாவளாமே?"

"ஆமா பிளோமி."

"பூசைக்குச் சொல்லணும்னு மாமா சொல்லுதாவ. தாலியைக் கழட்டணும்னு சின்ன அத்தை சொல்லிச் சொல்லி அழுதாவ. எல்லாரும் வந்து உக்காந்திருக்காவ. நான் என்ன செய்யட்டும் மதினி? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க என்ன சொன்னாலும் கேக்கேன்."

ஒரு வார்த்தை. அவன் போய்ச் சேர்ந்தாச்சு என்றால் ஒரு வீடு விளக்கை அணைத்துவிடும். இன்னும் இல்லை என்றால் அந்தச் சின்னப் பெண் வாழ்நாள் முழுக்க வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இரண்டையும் நினைத்தாள். இரண்டும் வாயில் வரவில்லை.

"கொஞ்ச நேரத்துல கூப்பிடுதேன்" என்று வைத்தாள்.

மே சீயின் முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"சிஸ்டர், நான் எதைச் சொல்ல? ஆச்சுன்னு சொல்லவா, இன்னும் இல்லைன்னு சொல்லவா? அவிய லேவ் போட்டுட்டாவ."

"எப்படிச் சொன்னார்? சொன்னபடியே சொல்லுங்கள்."

"யுட் ஹா லேவ்."

"எது ஆகிவிட்டது?"

"நிறுத்துறது."

"எதை நிறுத்துவது?"

"தேடுறதை."

"யார் தேடுவதை?"

"அவியதான். படகுக்காரவிய."

"அதில் கஸ்பார் எங்கே இருக்கிறார்?"

அமலோற்பவம் அந்த மூன்று சொற்களையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். முன்னிருந்து பின்னால் பார்த்தாள். பின்னிருந்து முன்னால் பார்த்தாள்.

"அதுல அவன் இல்லை" என்றாள்.

கூரைத் தகட்டில் மழை மறுபடி தொடங்கியது.

"அப்ப நான் அவளுக்கு என்ன சொல்ல சிஸ்டர்? காத்துக்கிட்டு இருக்கா."

"லேவ் போடத்தக்கது உங்களிடம் என்ன இருக்கிறது?"

அமலோற்பவம் ஒவ்வொன்றாக விரல் மடக்கி எண்ணினாள். பிறகு போனை எடுத்தாள். மே சீ எழுந்து போகப் பார்த்தார். அவள் கையைக் காட்டி உட்காரச் சொன்னாள்.

"பிளோமி, நான் சொல்லுதேன், கேளு. நான் இங்க வந்தாச்சு. கடலைப் பாத்தாச்சு. ஏன் போகலைன்னு கேட்டாச்சு. அந்தத் தீவுக்குப் போகவும் வச்சாச்சு. கூட இருந்த பையனைப் பாத்தாச்சு. கடைசி வரைக்கும் ரெண்டு பேரும் கையைப் பிடிச்சுக்கிட்டு இருந்திருக்காவ. அவனுக்குக் கஞ்சி குடுத்தாச்சு. இவ்வளவுதான் பிளோமி எங்கிட்ட இருக்கு. வேற இல்லை."

அந்தப் பக்கம் யாரோ ஏதோ கேட்பதும், பிளோமினா "சும்மா இருங்க மாமா" என்று சொல்வதும் கேட்டது.

"நீங்க வாங்க மதினி" என்றாள் அவள் கடைசியில். "தாலி எங் கழுத்துலதான கெடக்கு. அதை நான் பாத்துக்கிடுதேன்."

அமலோற்பவம் போனை மடியில் வைத்துக்கொண்டாள்.

"எல்லாத்துக்கும் போட்டேன் சிஸ்டர். கஸ்பாருக்கு மட்டும் ஒண்ணுமே போடலையே. லேவும் போடல, யங்கும் போடல. அக்கான்னு வந்துட்டு, அவனுக்கு ஒரு சொல்லு போடாமப் போறேனே."

மே சீ கட்டுப்போட்ட காலை மெல்ல இறக்கி, அவளுக்கு எதிரே தரையில் வந்து உட்கார்ந்தார்.

"நீங்கள் செய்ததற்கெல்லாம் போட்டாயிற்று. கஸ்பாருடையது உங்கள் வினை இல்லை, அக்கா."